ரொட்டி வேன் நிற்காது

தையல்காரியின் இளைய மகள் ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்கினால் அவளுடைய உள்ளங்கால்களில் வேர் விட்டுவிடும். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கடையில் எடை குறையும் என்று தெரிந்து வைத்திருப்பதைப்போல இதையும் தெரிந்து வைத்திருந்தார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லியும்விடுவார்கள். முதல் தடவை அது நடந்தபோது பிள்ளை நடக்கக் கற்று அதிக நாள் ஆகியிருக்கவில்லை. காலையில் தூக்கப்போன தையல்காரியின் கையோடு பாயும் சேர்ந்து வந்தது, பாயோடு தரையின் சிமெண்டும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, தலைமுடியைவிட மெல்லிசாக, ஈரமான வேர்கள். பஸ்களுக்கு சீட் தைக்கிறவள் என்பதால் அவள் இடுப்பில் எப்போதும் நூல் வெட்டும் கத்தரி இருக்கும். மிச்ச நூலை நறுக்குவதுபோல நறுக்கிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று பட்டறையில் ஒரு சீட்டுக்கு உறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்துவிட்டுப் பிரித்தாள், அவ்வளவுதான்.

நறுக்க நறுக்க வேர் தடித்தது. மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். இந்த மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன் என்று பொய் சொன்னார். இனிமேல் வெட்டினால் பாதத்தில் உணர்ச்சியே இல்லாமல் போய்விடும் என்று உண்மையும் சொன்னார். வேர் வருவதற்குள் பிள்ளையை வேறு இடத்தில் படுக்க வைப்பது ஒன்றுதான் வழி என்று சொல்லிக் கை கழுவினார். அதன்பிறகு சின்னவள் கூடத்தில் ஒரு வாரம், சமையலறையில் ஒரு வாரம், மொட்டை மாடியில் ஒரு வாரம் என்று தூங்கினாள். வீடு தீர்ந்ததும் தெரு தொடங்கியது. சலவைக்காரர் வீட்டில் இஸ்திரி மேஜைக்குக் கீழே, கணக்கு வாத்தியார் வீட்டில் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், எதிர்வீட்டில் தையல்காரியோடு பேச்சுவார்த்தையே இல்லாத குடும்பத்தின் வரவேற்பறையில். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மண்ணுக்கும் ஞாபகம் உண்டு போலிருக்கிறது. ஒருமுறை படுத்த இடத்தில் மறுமுறை படுத்தால் வேர் சீக்கிரமே வந்தது. மூன்றாம் முறை கண் அசந்தாலே போதும் என்றாகிவிட்டது. சின்னவள் ஒன்பது வயதை எட்டியபோது தெருவில் அவள் படுக்காத இடமே பாக்கியில்லை.

அவர்கள் குடியிருந்தது தையல்காரியின் நாத்தனார் வீட்டில். தையல்காரியின் புருஷனுக்கு, குழாய் வேலை செய்கிறவருக்கு, கூடப் பிறந்த அக்கா. நாத்தனாரின் சொந்தப் பிள்ளைகள் இரண்டும் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். எப்போதாவது போன் செய்து, நன்றாக இருக்கிறோம் என்பதற்கு மேல் ஒரு சொல்லைச் செலவழிக்காமல் வைத்துவிடுகிற ரகம். அதனாலோ என்னவோ, உலகத்திலேயே அவள் ஒருத்திதான் இந்த வேர் சங்கதியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள். "எல்லாம் பறந்து போச்சு. இது ஒண்ணாவது நிக்கட்டுமே" என்பாள். பின்கட்டில் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினாள். கல்லைப் பொறுக்கி, மண்ணைச் சலித்து, மேலே நிழலுக்குத் துணிப்பந்தலும் கட்டினாள். அத்தனையையும் ஆசையோடுதான் செய்தாள். தையல்காரிக்கு எரிச்சலைக் கிளப்பியதே அதுதான். தெருவும் ஒத்து ஊதியது. பெண்பிள்ளைதானே, நாளைக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் நிற்கப்போவதுதானே, அது சொந்த அத்தை வீடாக இருந்தால் என்ன குறைந்தது? குழாய்க்காரர் எந்தப் பக்கமும் பேசாமல் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு செடி இல்ல, அண்ணி."

"செடின்னு யாரும்மா சொன்னா? வர்ற வேகத்தைப் பாத்தா மரமாவே வருவா."

அன்றைக்குத்தான் தையல்காரி ரொட்டி வேனைக் கேட்டாள். அவள் வேலை பார்த்த பஸ் கட்டும் பட்டறையின் பின்மூலையில், கழற்றிப்போட்ட கதவுகளுக்கு நடுவில், அவளைவிட வயதில் மூத்த வேன் ஒன்று கிடந்தது. உருண்டையான மூக்கு, தவளை மாதிரி இரண்டு விளக்குகள், பின்னால் இரட்டைக் கதவு. ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் ரொட்டி கொண்டுபோன வண்டி. ரொட்டிக்கடை மூடிப் பல வருஷம் ஆகியும், நடுமத்தியானத்தில் தகரம் சூடேறினால் பட்டறை முழுக்க ரொட்டி வாசம் வரும். வேலையாட்கள் அதை வைத்துத்தான் சாப்பிட எழுந்துபோவார்கள். உடைத்து எடைக்குப் போடுவதாக இருந்த முதலாளி, அந்தக் குப்பையில் என்ன இருக்கிறதென்று கேட்கிறாய் என்றார். கூரை இருக்கிறது, சக்கரமும் இருக்கிறது, என் வீட்டுக்கு அது போதும் என்றாள் தையல்காரி. இடம் காலியானால் சரி என்று முதலாளி தலையை ஆட்டினார். அன்று மாலையே அவள் வேனைப் பெருக்கித் துடைத்துவிட்டு அதற்குள் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். ஊரே வந்து சொன்னாலும் இனி இறங்குவதாக இல்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பொறி என்று பெயர் வாங்கிய வெல்டர் அவளோடு சேர்ந்துகொண்டார். துருவையெல்லாம் வெட்டினால் வேன் மிஞ்சாது என்று முதலில் பயமுறுத்தினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெட்டத் தொடங்கினார். பக்கத் தகரத்தை அறுத்தபோது இரண்டு தகட்டுக்கும் இடையிலிருந்து ஒரு ரொட்டி விழுந்தது. இன்னும் சூடாக இருந்தது. பங்கிட்டுத் தின்றார்கள், உப்பு கொஞ்சம் குறைச்சல். ரொட்டித் தட்டுகளை அடுக்கும் இரும்புச் சட்டங்களை அறுத்து மாற்றி, பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை செய்தார்கள். விபத்தில் நொறுங்கிய பஸ்ஸிலிருந்து தப்பிய சறுக்குக் கண்ணாடிகளைக் கழற்றி வேனுக்கு ஜன்னல் வைத்தார்கள். தரைக்குப் பழைய பிளைவுட்டை எடுத்துப் புதுப் பலகை போட்டார்கள். மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் மேஜை, ஓரமாக அடுப்புத் திட்டு, துணி காயப்போட மேலே கம்பி, காற்றுக்குக் கூரையில் திறக்கிற மாதிரி ஒரு மூடி. தையல்காரியின் மூத்த மகள், நினைத்த நேரத்தில் நினைத்த சாலையை ஒப்பிக்கிறவள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு வரைபடத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, எங்கெங்கே போவது என்று இப்போதே உத்தரவு போட ஆரம்பித்தாள். தன் அக்காவின் முறைப்பைப் பொருட்படுத்தாமல் குழாய்க்காரரும் ஒருநாள் கருவிப் பையோடு வந்து நின்றார். தையல்காரி, தண்ணீர்த் தொட்டி எங்கே வைக்கலாம் என்று மட்டும் கேட்டாள்.

இருவருமே அவரவர் தொழிலில் கெட்டிக்காரர்கள். வினை அங்கேதான் இருந்தது. சின்னவளின் மெத்தைக்கு ஸ்பாஞ்ச் வைத்தால் போதும் என்று பொறி சொன்னதைத் தையல்காரி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஸ்பாஞ்ச் ஆறு மாதத்தில் அமுங்கிவிடும். அவள் கட்டுகிற சீட்டுகள் பஸ்ஸே உடைந்து போனாலும் அமுங்காதவை என்று பேர் வாங்கியவை. தேங்காய் நாரைப் பிய்த்து, உதறி, கையால் அடுக்கடுக்காக அமுக்கி, வளைந்த ஊசியால் இழுத்துத் தைத்தாள். குழாய்க்காரரோ, தண்ணீர்த் தொட்டியின் கனம் ஒரு பக்கமாக விழுந்தால் வண்டி சாயும் என்று கணக்குப் போட்டு, நட்டநடுவில், சின்னவளின் படுக்கைக்கு நேர் கீழே தொட்டியைப் பொருத்தினார். ஒரு மூட்டுகூட ஒழுகாது, அவர் கை வைத்த குழாய் எதுவும் ஒழுகியதில்லை. ஆனால் தொட்டியின் குளிர்ச்சிக்கு வெளியே வியர்க்கும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மேலே நார், கீழே ஈரம். நாற்றுப் பண்ணையில் இதைத்தான் செய்வார்கள். தையல்காரியும் குழாய்க்காரரும் சேர்ந்து, மகளுக்காக, கண்ணும் கருத்துமாக அதையே செய்து வைத்தார்கள்.

வேனுக்குத் தையல்காரி அடித்த நிறம் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு. தெருவில் சிரித்தார்கள். அலமாரிக்குச் சக்கரம் கட்டின மாதிரி இருக்கிறது என்றார் கணக்கு வாத்தியார். ஓட்டப்போவது யார் என்று கேட்டார்கள், ஏனென்றால் குழாய்க்காரருக்கு சைக்கிளைத் தாண்டி எதுவும் வராது. தையல்காரிதான் ஓட்டினாள். பட்டறைக்குள் சீட் இல்லாத, கண்ணாடி இல்லாத, சில சமயம் பிரேக்கும் இல்லாத பஸ்களை முன்னும் பின்னும் நகர்த்தியே பழகியவள்; லைசென்ஸ் கொடுத்த அதிகாரியே அவள் பின்னால் எடுத்த அழகைப் பார்த்து வாயடைத்துப் போனார். கிளம்புகிற அன்று நாத்தனார் வாசலில் நின்றாள். "போறதுன்னா போ. இந்த ஓட்டை வண்டி எத்தனை நாளைக்கு ஓடும்? எங்கிட்டதான் திரும்பக் கொண்டு வருவ."

"வருவேன் அண்ணி. இவளை நடறதுக்கு வர மாட்டேன்."

முதல் வாரம் மாதிரி ஒரு வாரம் அந்தக் குடும்பத்துக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. ஆற்றங்கரையில் ஒரு ராத்திரி, மலை வளைவில் ஒரு ராத்திரி, ஆலைச் சுவருக்குப் பின்னால் ஒன்று, லாரிகள் வரிசையாக நின்று குறட்டை விடுகிற இடத்தில் ஒன்று. மூத்தவள் வரைபடத்தைப் பார்த்துத் திசை சொன்னாள். குழாய்க்காரர் குறுக்கே வருகிற ஆடு மாடுகளை எல்லாம் ஐயா சாமி என்று கும்பிட்டார். தினமும் விடிந்ததும் தையல்காரி முதலில் செய்தது சின்னவளின் பாதங்களைத் திருப்பிப் பார்ப்பதுதான். சுத்தமாக இருந்தன. ஒரு நாள் அவள் அந்தப் பாதங்களைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதாள், சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. நாத்தனாருக்கு ஒரு போன் போட்டு நாலு வார்த்தை நறுக்கென்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று விட்டுவைத்தாள். அது நல்லதாகப் போயிற்று.

ஏனென்றால் வேருக்குக் கிலோமீட்டர் தெரியாது. ஒரு வாரம் கழிந்த காலையில், கடலோரத்து மணலில் வண்டி நிற்கையில், சின்னவளால் எழுந்திருக்க முடியவில்லை. வேர் மெத்தையைத் துளைத்து, நாரெல்லாம் ஊடுருவி, தொட்டியைச் சுற்றி வளைத்து, தரைப் பலகையைத் தாண்டி வண்டியின் அடிச்சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. மனிதர் எங்கே படுக்கிறார் என்பதுதான் அதற்குக் கணக்கு. அந்த இடம் நகர்ந்தாலும் அதற்கு ஒன்றுதான். அப்போதுதான் இருவருக்கும் விஷயம் விளங்கியது. ஸ்பாஞ்ச் வைக்கத் துப்பில்லாமல் நாரைத் திணித்தவள் யார் என்று குழாய்க்காரர் கத்தினார். பிள்ளையின் முதுகுக்குக் கீழே குளம் வெட்டி வைத்தது யார் என்று தையல்காரி கத்தினாள். ஒன்பது வருஷமாக இருவரும் அடக்கி வைத்திருந்த சண்டை அது. ஓய்ந்தபோது குழாய்க்காரர் மணலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சொன்னபடியே கொண்டுபோய் விட்டுவிடலாம், சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டியோடு அப்படியே பின்கட்டில் நிறுத்திவிடலாம் என்றார். தையல்காரி, மருத்துவர் சொன்னது நினைவில் இருந்தும் இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்தாள்.

"வெட்டாதம்மா" என்றாள் சின்னவள். அவள் அழவில்லை, கோபமாகத்தான் இருந்தாள். "எல்லாரும் என் காலைப் பத்தியே பேசறீங்க. எங்கிட்ட யாரும் கேக்கல. நான் மண்ணையா பிடிச்சிருக்கேன்? வண்டியத்தானே பிடிச்சிருக்கேன். வண்டிய எடு."

தையல்காரி மகளைப் பார்த்தாள். இத்தனை நாளும் பிள்ளைக்காக ஒற்றைக் காலில் நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, பிள்ளைக்கும் ஒரு பிடிவாதம் உண்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கத்தரியை அடுப்புத் திட்டில் வைத்துவிட்டுப் போய் வண்டியை எடுத்தாள். கோபத்தில் கொஞ்சம் வேகமாகவே எடுத்தாள். குண்டும் குழியுமான சாலையில் வண்டி குலுங்க, அடுத்த ஊர் வருவதற்குள், சின்னவள் பின்னாலிருந்து "விட்டிருச்சு!" என்று கூவினாள். ஆட்டம் கொடுத்த இடத்தில் வேரால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. பின்னல் அவிழ்வதுபோலத் தளர்ந்து போயிருந்தது. பாதத்தைக் காலுறையிலிருந்து உருவுவதுபோல உருவிக்கொண்டு, அவள் எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராத்திரி படுக்கப் போகும்போது பழைய வேர்களுக்குள் காலை நுழைத்துக்கொண்டாள். செருப்பு மாதிரி சரியாகப் பொருந்தியது, கதகதப்பாகவும் இருக்கிறதாம்.

இப்படித்தான் அவர்களுடைய வழக்கம் ஏற்பட்டது. விடிந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் வண்டி கொஞ்ச தூரம் ஓட வேண்டும். ஓடிவிட்டால் பகலெல்லாம் சின்னவள் எல்லாப் பிள்ளைகளையும்போல ஓடலாம், மரம் ஏறலாம், பள்ளிக்கூடமும் போகலாம். எந்த ஊரில் வண்டி நின்றாலும் தையல்காரிக்கு லாரி டிரைவர்களின் கிழிந்த சீட்டுகள் காத்திருந்தன. குழாய்க்காரருக்கு ஒழுகாத குழாய் உள்ள ஊர் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. மழைக்காலத்தில் ஜன்னல் ஓரத்து ஆணிகளுக்கிடையே சின்னச் சின்ன இலைகள் துளிர்த்தன. சாலைக் காவலர்கள் முதல் தடவை வண்டியை ஓரம் கட்டி, குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்து, எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டு, கடைசியில் போகச் சொன்னார்கள். அடுத்த தடவையிலிருந்து கையை மட்டும் ஆட்டினார்கள்.

வண்டி கிழவிதானே, ஒருநாள் படுக்காமல் இருக்குமா. இரண்டாம் வருஷம் எஞ்சினுக்குள் ஏதோ உடைந்து தட்டத் தொடங்கியது. பட்டறைக்குக் கொண்டுபோனால்தான் ஆகும் என்று வந்தார்கள். பட்டறை தெருக்கோடியில். அதுவரை போகக் கொடுத்து வைக்கவில்லை. நாத்தனார் வீட்டுக்கு நேர் எதிரே, மூன்று முறை இருமிவிட்டு எஞ்சின் அடங்கியது. சின்னவள் காய்ச்சலில் படுத்திருந்தாள், கால் வேருக்குள் இருந்தது. அந்தத் தெருவின் மண் அவளை மறந்திருக்கவில்லை. கண்ணெதிரே, பட்டப்பகலில், வண்டியின் அடியிலிருந்து வேர் கயிறு கயிறாக இறங்கித் தாரைத் துளைத்துக்கொண்டு போயிற்று. நாத்தனார் வெளியே வந்தாள், கையில் பூவாளி. திட்டவில்லை, எள்ளி நகையாடவும் இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. "வந்துட்டியாடி தங்கம்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேர் இறங்கிய இடத்தில் நீரை ஊற்றினாள். தம்பியிடம், இனியாவது விட்டுவிடு, பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டது என்றாள்.

குழாய்க்காரர் அக்காவைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். தையல்காரி யாரையும் பார்க்கவில்லை. வண்டியின் பின்பக்கம் போய், இரட்டைக் கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். அவ்வளவு பெரிய வண்டியை ஒற்றைப் பெண்பிள்ளை தள்ளுவதைப் பார்க்கத் தெரு கூடிவிட்டது, சிரிப்பு மட்டும் யாருக்கும் வரவில்லை. "என்னம்மா வலிக்குதா?" என்று அவள் உள்ளே பார்த்துக் கேட்டாள். "வலிக்குது. நீ தள்ளு" என்றாள் சின்னவள். அந்தச் சொல் எல்லார் காதிலும் விழுந்தது. குழாய்க்காரர் கருவிப் பையைத் தூக்கி வீசிவிட்டு மனைவிக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். மூத்தவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். பொறி பட்டறையிலிருந்து ஆட்களோடு ஓடிவந்தார். சலவைக்காரர் வந்தார், கணக்கு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரி வந்து தையல்காரியின் கைக்குப் பக்கத்தில் கையை வைத்தாள். அந்தப் பிள்ளை ஒவ்வொருத்தர் வீட்டிலும் தூங்கியிருக்கிறாள். அவள் எழுந்துபோன காலைகளை அவரவர் பார்த்திருக்கிறார்கள். தார் விண்டது. வேர்கள் தாரும் மண்ணுமாக மேலே வந்தன, ஒன்றுகூட அறவில்லை. வண்டி நகர்ந்தது.

நாத்தனார் தள்ளவில்லை. பூவாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எஞ்சினைப் பிரித்துச் சேர்க்க நாள் பிடித்தது. அத்தனை நாளும் பட்டறை ஆட்கள் காலையில் வேலை தொடங்குமுன் வேனைப் பட்டறைக்குள்ளேயே நாலு சுற்றுத் தள்ளிவிட்டுத்தான் தேநீர் குடித்தார்கள். முதலாளி அதையும் வேலை நேரத்தில் சேர்த்துக்கொண்டார் என்று கேள்வி. வண்டி சரியாகிக் கிளம்பியபோது நாத்தனார் வீட்டுக் கதவு திறக்கவில்லை. தையல்காரியும் தட்டவில்லை. இருவருக்கும் அழுத்தம் ஒரே அளவு.

வருஷங்கள் ஓடின. மூத்தவள் கப்பல் துறைமுகம் ஒன்றில் வழிகாட்டும் வேலை கிடைத்து இறங்கிக்கொண்டாள். குழாய்க்காரரின் தலை முழுக்க நரைத்தது. சின்னவள் வளர்ந்து, அம்மாவைவிட உயரமாகி, ஒரு மத்தியானம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தூங்கிப்போனாள். எழுந்தபோது வேர் கிளைவிட்டு வந்து கிளட்சையும் பிரேக்கையும் பற்றியிருந்தது. அதன்பிறகு அவள்தான் ஓட்டினாள், ராத்திரியும் அந்தச் சீட்டிலேயே தூங்கினாள். அந்த வேனை அவளைப்போல ஓட்ட யாராலும் முடியாது, அது அவள் காலாகவே ஆகிவிட்டது. லைசென்ஸ் தேர்வில் அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்றார். "இதுக்கு மேல எப்படி சார் செருப்பு ஏறும்?" என்று அவள் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்து, ஏறாது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஆண்டுக்கு ஓரிரு முறை அந்தத் தெரு வழியாகப் போவார்கள். நிற்க முடியாது, சக்கரம் நின்ற மறுநிமிஷம் அந்த மண் இழுக்கும். அதனால் சின்னவள் நடக்கிற வேகத்துக்கு வண்டியை இறக்கி உருட்டிக்கொண்டு போவாள், தெருக்காரர்கள் கூடவே நடந்து நலம் விசாரித்து, கொடுக்க வேண்டியதை ஜன்னல் வழியே கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். முதலில் நாத்தனார் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். பிறகு வாசலில். பிறகு தெருவில் இறங்கி, முழங்கால் வலியோடு, வண்டியோடு வண்டியாக நடந்தாள். "எப்பதான்டி நிக்கப்போற?" என்று கேட்டாள். "நிக்க மாட்டேன் அத்தை. நீ நடக்கற வரைக்கும் நட" என்றாள் சின்னவள். தெருக்கோடி வந்ததும் நாத்தனார் நின்றுவிடுவாள். வண்டி வேகம் எடுக்கும். பின்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும் தையல்காரி தலையைத் தூக்க மாட்டாள்; ஆனால் அந்தத் தெருவைக் கடக்கிற வரைக்கும் ஊசி ஒரே இடத்தில்தான் குத்திக்கொண்டிருக்கும்.

போன தடவை நாத்தனார் கையில் ஒரு பை இருந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்திருந்தாள். வழக்கம்போல வண்டியோடு நடந்தாள், மூச்சு வாங்கியது. தெருவின் பாதியில் பின்கதவுக்குப் பக்கமாக வந்து கம்பியைப் பிடித்தாள், படியில் காலை வைக்கப் பார்த்தாள், முழங்கால் மடங்கவில்லை. "கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன்" என்று தையல்காரியைப் பார்த்துச் சொன்னாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு தையல்காரியிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. தையல்காரி மடியிலிருந்த சீட்டை ஓரமாக வைத்தாள்.

"நிறுத்த முடியாது அண்ணி" என்றாள். பிறகு கதவை அகலத் திறந்து, ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே வளைந்து, மறு கையை நீட்டினாள். "கையக் குடுங்க."

நாத்தனார் கையைக் கொடுத்தாள். கிழவி எடையில் லேசுப்பட்டவள் இல்லை; குழாய்க்காரரும் வந்து பையோடு சேர்த்து இழுக்க வேண்டியிருந்தது. உள்ளே வந்து விழுந்தவள் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். உள்ளங்கையைத் தரைப் பலகையில் வைத்தபோது, கீழே வேர் தளர்வதும் பிடிப்பதுமாக இருப்பது தெரிந்தது. இந்த மெத்தைக்கு நாரா வைத்தாய், ஸ்பாஞ்ச் வைத்திருக்கலாமே என்றாள் தையல்காரியிடம். தையல்காரி ஊசியை எடுத்துக்கொண்டு, சின்னவளின் பழைய கீழ்ப் படுக்கை காலியாகத்தான் இருக்கிறது என்றாள். சின்னவள் கண்ணாடியில் இருவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு கியரை மாற்றினாள்.